வி.டி.ஆர்.எல். அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

கர்ப்பிணியாகப் பெயர் பதிந்ததும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த வகை, எச்.ஐ.வி. ஆகியவற்றோடு வி.டி.ஆர்.எல். என்ற ஒன்றும் உண்டு. சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கானது அது. பெரும்பாலானோருக்கு ‘நெகட்டிவ்’ என்றே வருவதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சிலருக்குப் ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, “இது யாரால் வந்தது?” என்பதுதான். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அதற்குப் பிறகே நினைவுக்கு வருகிறது. கேள்விகள் இந்த வரிசையில் வருவதுதான் நோயைவிடப் பெரிய ஆபத்து என்று நான் கருதுகிறேன். சிபிலிஸ் பற்றி நம்மிடையே உலவும் தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை, நடந்து முடிந்ததற்குச் சாட்சியாக அந்த அறிக்கையை வாசிப்பதால் பிறப்பவை. அடுத்த சில வாரங்களில் செய்ய வேண்டியதைச் சொல்லும் தாள் அது.

பாசிட்டிவ் என்றால் அந்தப் பெண்ணோ அவள் கணவனோ துரோகம் செய்துவிட்டதற்கு ஆதாரம் என்பது முதல் நம்பிக்கை. சிபிலிஸை உண்டாக்கும் டிரெபோனிமா பல்லிடம் என்ற கிருமி உடலுக்குள் நுழைந்த இடத்தில் முதலில் ஒரு புண் வரும். அது வலிக்காது, சில வாரங்களில் தானே ஆறிவிடும். பெண்களுக்கு அது உள்ளே, கருப்பை வாய்ப் பகுதியில் வந்தால் கண்ணிலேயே படாது. அதன் பிறகு எந்த அறிகுறியும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிருமி உடலில் பதுங்கியிருக்க முடியும். ஆகவே தொற்று எப்போது ஏற்பட்டது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை இந்தச் சோதனையால் சொல்ல இயலாது. திருமணத்துக்கு முன்பே இருவரில் ஒருவருக்குத் தெரியாமல் இருந்ததாகவும் இருக்கலாம். தொற்றே இல்லாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. வி.டி.ஆர்.எல். கிருமியை நேரடியாகத் தேடும் சோதனை அல்ல. மலேரியா, லூபஸ் போன்ற நோய்களிலும், சில வேளைகளில் கர்ப்பத்திலேயேகூட, அது பாசிட்டிவ் காட்டும். அதனால்தான் டி.பி.எச்.ஏ. போன்ற இரண்டாவது சோதனையால் உறுதிசெய்கிறார்கள். அந்த இரண்டாவது சோதனையோ, முழுமையாகக் குணமான பிறகும் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். இவ்வளவு நிபந்தனைகள் உள்ள ஒரு தாளை வைத்து ஒரு பெண்ணின் நடத்தைக்குத் தீர்ப்பு எழுதுவது அறிவுக்கும் நியாயத்துக்கும் ஒவ்வாது.

அப்படியானால் எல்லாம் உறுதியாகும்வரை காத்திருக்கலாமே என்று கேட்கலாம். காத்திருக்கக் கூடாது. கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகக்கூடியது. கருச்சிதைவு, குழந்தை வயிற்றிலேயே இறப்பது, குறைப்பிரசவம், பிறந்த பின் எலும்பும் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படுவது என விளைவுகள் கடுமையானவை. 2022இல் உலகெங்கும் சுமார் 7 லட்சம் பேறுகாலங்களில் சிபிலிஸ் தாயிடமிருந்து குழந்தைக்குச் சென்றதாகவும், அவற்றில் சுமார் 3,90,000 பாதிப்பில் முடிந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பிரசவத்துக்கு நான்கு வாரங்களுக்கு முன்பாவது சிகிச்சை தொடங்கியிருந்தால்தான் குழந்தைக்குப் போதிய பாதுகாப்பு கிடைத்ததாக மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள். எவ்வளவு முன்னால் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுப் பாருங்கள். தேவையில்லாமல் ஓர் ஊசி போட்டுக்கொண்டால் பெரும்பாலும் இரண்டு நாள் இடுப்பு வலியோடு போய்விடும். தேவைப்பட்ட ஊசியைத் தள்ளிப்போட்டால் ஓர் உயிர் போகலாம். மறுபடி வருவார்களா என்பது நிச்சயமில்லாத இடங்களில், முதல் சோதனை பாசிட்டிவ் ஆன அன்றே ஊசி போட்டுவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இந்தக் கணக்கில்தான்.

“மாசமா இருக்கும்போது இவ்வளவு வீரியமான மருந்து ஆகாது” என்ற அச்சம் வீட்டுப் பெரியவர்களின் அக்கறையிலிருந்து வருவது; அதை நான் எள்ளி ஒதுக்கவில்லை. கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய மருந்துகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பென்சிலின் அந்தப் பட்டியலில் இல்லை. 1943இலிருந்து சிபிலிஸுக்குக் கொடுக்கப்பட்டுவரும் மருந்து அது. இந்தக் கிருமி இன்றுவரை அதற்கு எதிர்ப்புத்தன்மை பெற்றதாகப் பதிவில்லை. பென்சத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பில் ஊசியாக. தொற்று புதிது என்றால் ஒருமுறை போதும். எவ்வளவு காலமாக இருக்கிறது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று முறை. கர்ப்பிணிக்கு இதற்கு மாற்று இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டாக்ஸிசைக்ளின் கர்ப்பத்தில் கூடாது. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் மாத்திரைகள் தாயின் புண்ணை ஆற்றினாலும், குழந்தையிடம் போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. ஊசிக்குப் பயந்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர் குழந்தைக்கு எதுவும் செய்யவில்லை. நாட்டு மருந்தோ பத்தியமோ இதற்கு ஈடாகாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, மருத்துவமனையில் வைத்துச் சிறிது சிறிதாக மருந்தைப் பழக்கி, பிறகு அதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். ஊசி போட்ட ஒரு நாளுக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். கிருமிகள் கூட்டமாக அழிவதால் வருவது அது. அடுத்த ஊசியை நிறுத்த அது காரணமல்ல. வயிறு இறுகி வலித்தாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிசேரியன் செய்தால் குழந்தை தப்பிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. பிரசவ நேரத்தில் பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் புண் இருந்தால் அது சரி. சிபிலிஸ் பெரும்பாலும் பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி வழியாகப் போய்விடுவதால் கத்தி அதைத் தடுக்காது. தாய்ப்பாலும் விலக்கல்ல, மார்பில் புண் இல்லாதவரை தாராளமாகக் கொடுக்கலாம்.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். யாரால் வந்தது என்று கேட்கக் கூடாது என்றால், கணவரை ஏன் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் எளிது. சிபிலிஸ் ஒருமுறை வந்து குணமானால் மறுபடி வராது என்பதில்லை. மனைவி மட்டும் ஊசி போட்டுக்கொண்டு கணவர் போட்டுக்கொள்ளாவிட்டால், ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ மீண்டும் தொற்று வரலாம். அவரை அழைப்பது குற்றவாளியாக அல்ல, சிகிச்சைக்கு. ஆனால் இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: “சொன்னால் அடிப்பார், வீட்டைவிட்டுத் துரத்துவார்.” நம் சமூகத்தில் இது வீண் பயம் என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால்தான், கணவர் வருவார் என்று மனைவியின் ஊசியை ஒரு நாள்கூட நிறுத்திவைக்கக் கூடாது. அதற்கு அவருடைய சம்மதமும் தேவையில்லை. கணவரிடம் எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்பதை அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவிலோ நம்பிக்கை மையத்திலோ இருக்கும் ஆலோசகரோடு கலந்து முடிவுசெய்யலாம். மாமியார் காதில் விழும்படி வாசலில் நின்று முடிவைச் சொல்லும் சுகாதாரப் பணியாளர், அந்தப் பெண் அடுத்த ஊசிக்கு வராமல் போவதற்குத் தானே வழிசெய்கிறார்.

இது ஏழைகளின் நோய், ஒழுக்கம் கெட்டவர்களின் நோய் என்பவர்கள் இரண்டு நாடுகளை அருகருகே வைத்துப் பார்க்கட்டும். செல்வத்தில் குறைவில்லாத அமெரிக்காவில் 2022இல் மட்டும் 3,700க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிபிலிஸோடு பிறந்தன அல்லது அதனால் இறந்து பிறந்தன. பத்தாண்டுகளில் பத்து மடங்கு உயர்வு. உரிய காலத்தில் சோதனையும் சிகிச்சையும் கிடைத்திருந்தால் அவற்றில் பத்தில் ஒன்பதைத் தடுத்திருக்கலாம் என்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே கணித்தது. நீண்ட போரையும் பொருள் நெருக்கடியையும் கண்ட இலங்கையோ, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. இலங்கையர்களின் ஒழுக்கத்துக்குக் கிடைத்த சான்று அல்ல அது. கட்டணமில்லாத தாய்சேய் கிளினிக், வீடு தேடி வரும் மருத்துவ மாது, எல்லாக் கர்ப்பிணிக்கும் ஒரே சோதனை ஆகியவற்றுக்குக் கிடைத்தது.

ஊசி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்பது கடைசி நம்பிக்கை. சிகிச்சைக்குப் பின் வி.டி.ஆர்.எல். அளவு 1:32 இருந்தது 1:8 ஆவதுபோல, போகப் போக நான்கில் ஒரு பங்காகவாவது குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். பிறந்த குழந்தைக்கும் ரத்தம் எடுத்து, தாயின் அளவோடு ஒப்பிட வேண்டும். எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தெந்தத் தேதியில் என்பது கர்ப்பிணியின் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கட்டும். தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போய் வேறோர் ஊர் மருத்துவமனையில் பிள்ளை பெறும்போது, குழந்தைக்கு ஊசி தேவையா இல்லையா என்று அங்குள்ள மருத்துவர் முடிவுசெய்ய அந்தத் தேதிகள் வேண்டும்.