குழந்தைகளோடு ஜப்பானா? பணம் மட்டும் போதாது!

1. ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் வேண்டாம். ‘கோல்டன் வீக்’ விடுமுறை; எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் நெரிசல்தான்.

2. பெரிய பெட்டிகளை ‘தக்குஹாய்பின்’ கூரியரில் அடுத்த ஹோட்டலுக்கு முதல் நாளே அனுப்புங்கள். வரவேற்பு மேசையிலேயே வாங்கிக்கொள்வார்கள். டோக்கியோ–கியோட்டோ புல்லட் ரயிலில் நீள, அகல, உயரம் சேர்த்து 160 செ.மீ.யைத் தாண்டும் பெட்டிக்குத் தனி முன்பதிவு தேவை. ஒரு நாள் மாற்றுடை கைப்பையில் இருக்கட்டும்.

3. கியோட்டோ போகையில் வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். ஃபூஜி மலை அந்தப் பக்கம்.

4. ரியோகான் எனும் பாரம்பரிய விடுதியில் தனி வெந்நீர்த் தொட்டியுள்ள அறை எடுங்கள். பொதுக் குளியலில் உடையின்றித்தான் இறங்க வேண்டும், பிள்ளைகள் கூச்சப்படலாம். சைவமென்றால் முன்பதிவிலேயே சொல்லுங்கள். காய்கறி சூப்பிலும் மீன்சாறு இருக்கும்.

5. ஜிப்ளி அனிமேஷன் அருங்காட்சியக வாசலில் டிக்கெட் கிடையாது. அடுத்த மாதத்துக்கான விற்பனை 10-ஆம் தேதி, இந்திய நேரம் காலை 6.30-க்கு ஆன்லைனில் தொடங்கும், அலாரம் வையுங்கள்.