ஊன்றிய பல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டை, பல்லாவரம் என்று வடக்கே போனாலும், கிழக்கு வாசல் வழியாக வெளிவந்து வேளச்சேரி சாலையில் சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் என்று போனாலும், மருந்துக் கடைக்கும் அடகுக் கடைக்கும் நடுவே ஒரு பல் மருத்துவமனையின் பலகை கண்ணில் படாமல் கால் மைல் தூரம் நடப்பது இக்காலத்தில் துர்லபம். முன்னெல்லாம் அப்பலகைகளில் பல் பிடுங்கப்படும், பல் கட்டப்படும் என்று இரண்டே வாசகங்கள் இருந்தன. இப்போது, தாடை எலும்பில் ஸ்க்ரூ ஊன்றி அதன்மேல் பல் பொருத்தும் முறையைக் குறிக்கும் இம்ப்ளாண்ட் என்ற சொல் பெரிய எழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதன் பக்கத்திலேயே "ஒரே நாளில் நிரந்தரப் பல்" என்றும் "ஆயுள் முழுவதும் உத்தரவாதம்" என்றும் வர்ணனைகள் சேர்ந்திருக்கின்றன. அதே பலகையின் நிழலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஜனங்களோ, மேல் பல்லில் கை வைத்தால் கண் போய்விடும், தாடையில் ஸ்க்ரூ முடுக்கினால் மூளை நரம்பு கெட்டுவிடும், சர்க்கரை உள்ளவன் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று பேசிக்கொள்கிறார்கள். பலகையும் பாதி பிசகு, பேச்சும் பாதி பிசகு. ஆனால் இவ்விரண்டில் எது அதிகக் கெடுதி என்று கேட்டால், பழைய அச்சத்தைவிடப் புதிய மோகமே கெடுதி என்பேன். ஏனெனில் அச்சம் ஒரு நல்ல மருத்துவரிடம் பத்து நிமிஷம் பேசினால் தெளிந்துவிடும், மோகமோ பணம் கட்டிய பிறகுதான் தெளியும்.

முதலில் கண்ணைப் பற்றிய பயத்தை எடுத்துக்கொள்வோம். மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் பார்வைக்கு உரியது இரண்டாவது. பற்களுக்கும் முகத்துக்கும் உணர்ச்சி தருவது ஐந்தாவது. இரண்டும் வெவ்வேறு, ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடுவதில்லை. ஐம்பதைத் தாண்டிய பிராயத்தில்தான் பல்லும் ஆட ஆரம்பிக்கிறது, கண்ணில் புரையும் விழ ஆரம்பிக்கிறது. ஏககாலத்தில் நிகழ்வதை ஒன்றுக்கொன்று காரணமாகக் கருதிவிடுவது மனித சுபாவம். மேல் பல்லின் வேரில் சீழ் பிடித்தால் கன்னம் வீங்கிக் கண் மூடிக்கொள்வதும் உண்டு. அப்படிப்பட்ட சீழை அலட்சியமாக விட்டுவைத்தால்தான் அது கண்ணைச் சூழ்ந்த பகுதிக்குப் பரவக்கூடிய அபாயம் இருக்கிறது. ஆகவே ஆபத்து பல்லைப் பிடுங்குவதில் இல்லை, கெட்டுப்போன பல்லைக் கண்ணுக்குப் பயந்து வைத்துக்கொண்டிருப்பதில்தான் இருக்கிறது.

மூளை நரம்பு என்ற பேச்சும் முழுக்கக் கற்பனையே. தாடையில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடங்கள் உண்மையில் இரண்டு: கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் போகிறது, அதிலுள்ள நரம்பு கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது, அதைத் தொட்டுவிட்டால் உதடு மரத்துப்போகும்; மேல்தாடையின் கடைவாய்ப் பக்கத்தில் எலும்புக்கு மேலே காற்றறை ஒன்று இருக்கிறது, அதற்குள் துளை போய்விடக் கூடாது. அதனால்தான் சாதாரண எக்ஸ்ரேயோடு நிறுத்திக்கொள்ளாமல், தேவைப்படும் இடத்தில் எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் மூன்று பரிமாணங்களில் காட்டும் ஸ்கேன் எடுத்து, நரம்புக்கும் ஸ்க்ரூவின் நுனிக்கும் நடுவே சுமார் 2 மில்லிமீட்டராவது இடைவெளி விட்டு அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

இனி அஸ்திவாரமான பிரமைக்கு வருவோம். இம்ப்ளாண்ட் என்பது சுவரில் ஆணி அடிப்பதைப் போன்ற ஒரு காரியம், கெட்டியாக முடுக்கினால் கெட்டியாக நிற்கும் என்று அச்சப்படுகிறவரும் நினைக்கிறார், மோகப்படுகிறவரும் நினைக்கிறார். உண்மை வேறு. 1952ஆம் ஆண்டில், ஸ்வீடனின் லுண்ட் நகரில், பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்தம் ஓடும் விதத்தை உயிருள்ள நிலையில் பார்க்க விரும்பி, டைட்டானியத்தால் செய்த சிறு கூடு ஒன்றை முயலின் கால் எலும்பில் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அதை எடுக்கப் போனபோது எடுக்க முடியவில்லை, எலும்பு அந்த உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்துவிட்டிருந்தது. பல்லைப் பற்றிய யோசனையே இல்லாமல் தொடங்கிய காரியம் பல்லில் வந்து முடிந்தது. 1965இல் கோதன்பர்க் நகரில், பிறவியிலேயே தாடை குறைபட்டு, கீழ்ப்பற்கள் இல்லாமல் மென்று சாப்பிடவும் பேசவும் கஷ்டப்பட்ட யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக அவ்விதம் டைட்டானியம் ஊன்றப்பட்டது. 2006இல் அவர் காலமாகும் வரையில், நாற்பதாண்டுக்கு மேலாக, அது அவர் வாயில் நின்றது. இவ்வளவு பிரத்தியட்சமான பலன் இருந்தும் பல் மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1982இல் கனடாவின் டொரான்டோ நகரில் நடந்த மகாநாட்டுக்குப் பிறகே இம்முறை ஸ்வீடனுக்கு வெளியே பரவலாக அங்கீகாரம் பெற்றது. ஆக, பல்லை நிறுத்துவது முடுக்குகிற கையின் பலமல்ல. நோயாளியின் சொந்த எலும்பு, மாதக்கணக்கில், மெல்ல மெல்லச் செய்கிற வேலை அது.

சிகிச்சையைக் கிட்ட நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும். பல் பிடுங்குவதற்குப் போடுகிற அதே மரப்பூசியைத்தான் இதற்கும் போடுகிறார்கள். ஈறைச் சிறிது கீறி விலக்கியதும் எலும்பின் வெண்மை தெரிகிறது. முதலில் மெல்லிய துளைக்கருவி, அடுத்து அதைவிடச் சற்றே தடித்தது, அதற்கடுத்து இன்னும் தடித்தது என்று படிப்படியாகத் துளையை அகலப்படுத்துகிறார்கள், ஒவ்வொரு முறையும் உப்புநீர் அந்த இடத்தில் பொழிந்துகொண்டே இருக்கிறது. அந்த நீருக்கு ஒரு காரணம் உண்டு: எலும்பின் உஷ்ணம் 47 டிகிரி செல்சியஸைத் தொட்டு ஒரு நிமிஷம் நீடித்தாலே எலும்பின் உயிரணுக்கள் மடியத் தொடங்கும், மடிந்த எலும்பு எதையும் பற்றிக்கொள்ளாது. பிறகு, பெரும்பாலும் 3.5 முதல் 5 மில்லிமீட்டர் வரை விட்டமும் 8 முதல் 13 மில்லிமீட்டர் வரை நீளமும் உள்ள சிறிய ஸ்க்ரூ நிதானமாக உள்ளே இறக்கப்படுகிறது. ஒன்றிரண்டு தையல், சில நாளைக்கு மாத்திரை, கஞ்சியும் இட்லியும். ஒற்றைப் பல்லானால் மருத்துவரின் நாற்காலியில் கழிவது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டதுதான். அதன் பிறகு, கீழ்த்தாடையில் மூன்று மாதம், எலும்பு மிருதுவான மேல்தாடையில் ஆறு மாதம் வரையில்கூட, காத்திருப்பதே பழைய சம்பிரதாயம். எலும்பு பிணைந்த பின் அதன்மேல் ஓர் இணைப்பை முடுக்கி, அளவெடுத்துச் செய்த பீங்கான் பல்லை அதில் பொருத்துகிறார்கள்.

அப்படியானால் "ஒரே நாளில் பல்" என்பது பச்சைப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. எலும்பு அடர்த்தியாக இருந்து, ஸ்க்ரூவும் போட்டவுடனேயே அசையாமல் நின்றுவிட்டால், அன்றோ மறுநாளோ அதன்மேல் ஒரு தற்காலிகப் பல்லை வைத்து அனுப்புவது முறையான சிகிச்சையே. ஆனால் அந்தப் பல் பார்வைக்குத்தான். எலும்பு பிணையும் முன் அதைக்கொண்டு முறுக்கு கடித்தால், ஸ்க்ரூ நுண்ணியதாக அசைந்து, பிணைப்பே ஏற்படாமல் போகும். எல்லோருக்கும் ஒரே நாளில் என்று எழுதி வைத்திருக்கும் பலகைக்கு உங்கள் தாடையின் எலும்பு எப்படிப்பட்டது என்று தெரியாது. இதற்கு மாறாக, பல்லை எடுத்துவிட்டு வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிடுவதிலும் நஷ்டம் உண்டு. பல் போன இடத்து எலும்பின் அகலம் முதல் ஆண்டிலேயே ஏறக்குறையப் பாதி கரைந்துவிடுகிறது, அதன் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே நிகழ்கிறது. மகளின் கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று தள்ளிப்போட்டவர்களுக்குத்தான் பிற்பாடு எலும்புத்தூள் வைத்து இடத்தை நிரப்பவேண்டிய இரட்டைச் செலவு வருகிறது.

ஆயுள் உத்தரவாதம் என்பதுதான் இவை எல்லாவற்றிலும் எனக்குச் சற்றும் பிடிக்காத வாசகம். பத்தாண்டுக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட ஸ்க்ரூக்கள் நிலைத்து நிற்கின்றன என்பது ஆய்வுகளில் கண்ட மெய். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் டைட்டானியத்தில் சொத்தை விழாதே தவிர, அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நம்முடைய சதை ரத்தந்தான், அழுக்குச் சேர்ந்தால் அவை அழற்சி கண்டு எலும்பு கரையத்தான் செய்யும். இயற்கைப் பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய நார்ப்படலம் உண்டு. சோற்றில் ஒரு கல் அகப்பட்டால் பல் பதறுவது அதன் உபயத்தால்தான். ஊன்றிய பல்லுக்கு அந்தப் படலம் கிடையாது. ஆகையால் அதற்குக் கடியின் வேகமும் சரியாகத் தெரியாது, நோய் தொடங்கினாலும் பெரும்பாலும் வலிக்காது. வலியில்லாததால் நன்றாக இருக்கிறது என்று நம்பி ஐந்தாறு வருஷம் மருத்துவரை எட்டிப் பாராதவர்தான் ஒரு நாள் பல்லாடி வந்து நிற்கிறார். ஆறு மாதத்துக்கொருமுறை சுத்தம் செய்துகொள்வதும், பல்லிடுக்கில் நுழையும் சிறு பிரஷ்ஷை இரவில் உபயோகிப்பதும் இந்த உத்தரவாதத்தின் எழுதப்படாத ஷரத்துக்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது ஆகாது என்பது, சர்க்கரை இல்லாத வீடே அபூர்வமாகிவிட்ட நம் புறநகரில், பலரைத் தடுத்து நிறுத்துகிறது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத்தான் நல்ல மருத்துவர் தேதி கொடுப்பார். கட்டுக்கடங்காத சர்க்கரையோடு அவசரப்படுவது வீண். வயதும் அப்படியே: எழுபத்தைந்து வயது ஓய்வூதியக்காரருக்குத் தடையில்லை, பதினாறு வயதுப் பையனுக்குத்தான் தடை, ஏனெனில் அவன் தாடை இன்னும் வளரும், ஊன்றிய பல்லோ வளராமல் அங்கேயே நின்று பள்ளத்தில் இருப்பது போலாகிவிடும். மெய்யான தடைகளை யாரும் பேசுவதில்லை. புகை பிடிப்பது ஒன்று. பாக்கும் புகையிலையும் மென்று மென்று கன்னத்தின் உட்புறம் விறைத்து, வாய் இரண்டு விரல்கூட நுழையாதபடி சுருங்கிவிட்ட நிலை மற்றொன்று, அந்த வாய்க்குள் கருவியே போகாது. எலும்புத் தேய்மானத்துக்காக ஆண்டுக்கொருமுறையோ ஆறு மாதத்துக்கொருமுறையோ ஊசி போட்டுக்கொள்ளும் பெண்மணிகளும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடத்தில் முகத்துக்கும் கழுத்துக்கும் கதிர்வீச்சு பெற்றவர்களும், அதைச் சொல்லாமல் நாற்காலியில் ஏறக் கூடாது. தாடை எலும்பு ஆறாமல் போகும் சங்கடம் அவர்களுக்கு உண்டு. இருதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தாமாகவே நிறுத்திக்கொண்டு வருவதும் பெரும் பிசகு. நிறுத்துவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவர்.

வாயில் உலோகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்கிறார்கள். டைட்டானியத்தைக் காந்தம் இழுப்பதில்லை. ஸ்கேன் எடுக்குமிடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

எல்லாப் பல்லும் போனவருக்கு முப்பத்திரண்டு ஸ்க்ரூ வேண்டும் என்ற கணக்கும் தவறு. 2002இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டே இம்ப்ளாண்ட் ஊன்றி, அதன்மேல் கழற்றி மாட்டும் பல் செட்டை அசையாமல் பிடிக்கவைப்பதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். நாலைந்து ஸ்க்ரூவின் மேல் ஒரு வரிசைப் பல் முழுவதையும் நிலையாக நிறுத்தவும் முடியும். இதைவிட முக்கியமானது, வேர் சிகிச்சையாலோ ஈறு சிகிச்சையாலோ காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் வைப்பது முன்னேற்றமல்ல என்பது. பக்கத்துப் பற்கள் ஏற்கனவே தேய்ந்தோ உடைந்தோ கேப் போடவேண்டிய நிலையில் இருந்தால், அவற்றை ராவி, அவற்றின் ஆதாரத்தில் பிரிட்ஜ் கட்டுவதே சில சமயம் உசிதம். அவை குறையற்றவையாக இருந்தால்தான் அவற்றை ராவிக் குறைப்பது அநியாயமாகிறது.

செலவு விஷயத்தில் ஒரு தந்திரத்தை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பலகையில் எழுதிய குறைந்த தொகை பல தடவை ஸ்க்ரூவுக்கு மட்டுமானது. மேலே வரும் இணைப்பு, பீங்கான் பல், ஸ்கேன், வேண்டியிருந்தால் எலும்புத்தூள், இவையெல்லாம் தனித்தனியே ஏறும், ஒற்றைப் பல்லுக்கே பல பத்தாயிரம் ரூபாய் ஆகிவிடும். மொத்தத் தொகையை எழுத்தில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தாம்பரத்திலிருந்து கடற்கரை மின்சார ரயிலில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், எதிரிலேயே 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பள்ளிக்கரணைப் பக்கமும் பொத்தேரியிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. இரண்டாவது அபிப்பிராயம் கேட்க இவை நல்ல இடங்கள். கல்லூரிகளில் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள். நேரம் கூடும், கட்டணம் பொதுவாகக் குறையும்.

கடைசியாக, ஸ்க்ரூவின் கம்பெனிப் பெயர், விட்டம், நீளம், தயாரிப்பு எண் ஆகியவை அச்சிட்ட சிறு ஸ்டிக்கர் ஒன்று அதன் டப்பாவிலேயே இருக்கும். அதை ஒரு சீட்டில் ஒட்டித் தேதியிட்டுத் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல கம்பெனிகளின் ஸ்க்ரூவுக்கு அதற்கென்றே ஆன திருகுக் கருவி உண்டு, ஒன்றினுடையது மற்றொன்றுக்குப் பெரும்பாலும் சேராது. பத்து வருஷம் கழித்து, சேலையூரில் பல் வைத்துக்கொண்டவர் பிள்ளையோடு கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ குடிபோயிருக்கும்போது மேலே உள்ள இணைப்பு தளர்ந்தால், அந்த ஊர் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான். அது இருந்தால் அரை மணியில் முடுக்கி அனுப்பிவிடுவார், இல்லாவிட்டால் எக்ஸ்ரேயில் தெரியும் மரையின் வடிவத்தைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று ஊகிக்க வேண்டியதுதான்.