நோவும் உளைச்சலும்

நோய், நோவு, நோதல் என்பன 'நோ' என்னும் ஒரே வேரினின்று பிறந்தவை. உடல் வருந்தினாலும் உள்ளம் வருந்தினாலும் தமிழர் நொந்ததாகவே கூறினர். காதல் துயரையும் சங்கப் புலவர் நோய் என்றனர். உளைச்சலும் அவ்வாறே காலுக்கும் உண்டு, மனத்துக்கும் உண்டு. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரை எண்ணும்போது இச்சொல்வழக்கின் உண்மை விளங்கும்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாகச் சென்னையில் 1986இல் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் அறியப்பட்டது. 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. மருந்தை ஒழுங்காக உண்போர் நெடுநாள் வாழ்கின்றனர். ஆயின் பலருக்கு வாழ்நாளோடு வலியும் நீண்டது. அதனைப் பேசுவார் குறைவு.

என்னிடம் முன்னர்ப் பயின்ற ஒருவர் வந்திருந்தார். "ஐயா, இரவில் போர்வை பட்டாலே பாதம் எரிகிறது, பகலில் செருப்புக் கழன்றதுகூடத் தெரிவதில்லை" என்றார். "மருத்துவரிடம் என்ன சொன்னாய், தம்பி?" என்றேன். "கால் வலி என்றேன்" என்றார்.

எரிச்சல், குடைச்சல், குத்தல், மதமதப்பு, கடுப்பு எனப் பிரித்துரைக்கும் மொழியில் 'வலி' என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிட்டார். (கடுப்புக்கு இன்றைய மாணவர் வேறு பொருள் கொள்வர், அதுவும் இங்குப் பொருந்தும்.) எரிச்சலும் மதமதப்பும் நரம்புச் சிதைவின் அடையாளங்கள். கிருமியாலும் அது நேரும். ஸ்டாவுடின் என்னும் பழைய மருந்தாலும் நேர்ந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் அதனைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. சிதைந்த நரம்போ பலருக்கு முற்றும் மீளவில்லை. இவ்வலிக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாக உதவாது. உரிய மருந்துகள் வேறு.

எரிச்சலால் உறக்கம் கெடும், உறக்கம் கெட மனம் சோரும், சோர்ந்தவர் மருந்துவேளையைத் தவறவிடுவர், கிருமி பெருகும். சோர்வு வலியையும் மிகுவிக்கும். எஃபாவிரென்ஸ் உண்ட சிலருக்குத் தீக்கனவும் சோர்வும் மருந்தாலேயே வந்தன. அதற்காக மருந்தைத் தாமே நிறுத்துதல் கேடு. மருத்துவரிடம் சொன்னால் மாற்று உண்டு. இச்சோர்வைப் பாவத்தின் கூலி என்பார் நம் தெருவிலும் உளர். அது மருத்துவமுமன்று, மார்க்கமுமன்று.

ஊர் அறிந்துவிடும் என்பதே அவர்தம் அச்சம். ஒருவரது எச்.ஐ.வி. நிலையை அவரது இசைவின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்றேன். அடுத்த முறை அவர் ஒரு தாளில் எழுதிச் சென்றார்: இரவில் எரிச்சல், பகலில் மதமதப்பு, உறக்கமில்லை, காரணமின்றி அழுகை. மருத்துவர் அத்தாளைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டாராம். நரம்புக்கு மருந்தும் மனத்துக்கு ஆலோசனையும் ஒருங்கே தொடங்கின. எரிச்சல் போகவில்லை, உறக்கம் வந்திருக்கிறது.