சொப்பனம் காட்டாத 13 வருஷம்



"பாஸ்டர், ஆண்டவர் சொப்பனத்துல காட்டினாரு, இன்னும் ஒண்ணும் நடக்கலையே!" என்று விசுவாசிகள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் யோசேப்பைத்தான் காட்டுவேன்.

சொப்பனம் கண்டபோது யோசேப்புக்கு வயது 17 (ஆதி. 37:2). பார்வோனுக்கு முன்பாக நின்றபோது வயது 30 (ஆதி. 41:46). நடுவிலே குழி, அடிமைத்தனம், பொய்க் குற்றச்சாட்டு, சிறைச்சாலை. இதில் ஒன்றையும் சொப்பனம் காட்டவில்லை. தேவன் முடிவைக் காட்டினார். வழியைத் தம்முடைய கரத்தில் வைத்துக்கொண்டார்.

கவனிச்சுப் பாருங்க. அது ஆடு மேய்க்கிற குடும்பம். ஆனால் சொப்பனத்தில் வணங்கினதோ அரிக்கட்டுகள். ஏன்? சகோதரர் அவனைப் பணிந்தது தானியம் கொள்ள வந்த இடத்திலே (ஆதி. 42:6). பஞ்சம் வருமுன்னே தேவன் தானியத்தைக் காட்டிவிட்டார்! 17 வயதில் யோசேப்புக்கு இது விளங்கியிருக்குமா?

பானபாத்திரக்காரன் அவனை இரண்டு வருஷம் மறந்துபோனான் (ஆதி. 40:23, 41:1). முன்னமே நினைத்திருந்தால், யோசேப்பு விடுதலையாகி ஊருக்கே திரும்பியிருக்கலாம். அப்போ பார்வோனுக்கு அர்த்தம் சொல்ல யார் இருப்பார்? அந்த மறதியும் தேவனுடைய கணக்கில் இருந்தது.

எல்லாச் சொப்பனமும் கர்த்தருடையதல்ல. வசனத்தோடு ஒத்துப் பாருங்கள், பதருக்கும் கோதுமைக்கும் வித்தியாசம் உண்டு (எரே. 23:28). கர்த்தருடையதானால், அதை நிறைவேற்ற நாம் ஓட வேண்டாம். யோசேப்பு சிறையிலே மற்றவர்களுடைய சொப்பனத்துக்கு ஊழியம் செய்தான். இன்று உங்களை வைத்திருக்கிற இடத்தில் உண்மையாயிருங்கள். கர்த்தர் தாமே ஏற்ற வேளையில் நிறைவேற்றுவார். ஆமென்.