பிறரைத் தேற்றுவோரைத் தேற்றுவது யார்?
மலையகச் சுகாதாரப் பணியாளரின் உளநலம் பற்றிய ஒரு நோக்கு

மலைநாட்டில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் நம் எல்லோருடைய பேச்சும் மண்சரிவைப் பற்றியதாக மாறிவிடுகிறது. எந்தப் பாதை மூடப்பட்டது, எந்தத் தோட்டத்துக் குடும்பங்கள் பாடசாலைக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டன என்று விசாரிக்கிறோம். அந்தப் பாடசாலை மண்டபத்தில் கர்ப்பிணித் தாய்மாரின் பெயர்களைக் குறித்துக்கொண்டும், பிள்ளைகளின் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டும் ஒரு பெண் நிற்பார். அவரை "மிஸ்" என்று அழைக்கிறோம், மருந்து கேட்கிறோம், தாமதமானால் கோபிக்கவும் செய்கிறோம். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவரிடம் கேட்பது அரிது. அந்தக் கேள்வி ஏன் அவசியம், அதை எப்படிக் கேட்பது என்பதையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

யார் இவர்கள்?

இலங்கையில் 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வீடு தேடிச் சென்று தாய் சேய் நலம் பேணும் முறை அங்கிருந்தே நாடெங்கும் வளர்ந்தது. இன்று அம்முறையின் முதுகெலும்பாக இருப்பவர் குடும்ப சுகாதார உத்தியோகத்தர். ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர் என்பது பொதுவான அளவுகோல். அவருடன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதியர், சிற்றூழியர், 1990 அம்பியூலன்ஸ் சேவையினர், தோட்ட டிஸ்பென்சரியின் வைத்திய உதவியாளர் ஆகியோரும் முன்னணியில் நிற்கின்றனர்.

தோட்டப்புறத்தில் இப்பணி இரட்டிப்புக் கடினமானது. நகரத்தில் ஒரு தெருவில் பத்து வீடுகளைப் பார்த்துவிடலாம். இங்கே ஒரு டிவிஷனிலிருந்து அடுத்த டிவிஷனுக்கு மலையேறி இறங்க வேண்டும். கொழுந்து பறிக்கும் தாய் பகலில் மலையில் இருப்பார். அவரைக் காண வேலைத்தலத்துக்கோ பிள்ளை மடுவத்துக்கோ போக வேண்டும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் குறைவாக உள்ள இடங்களில், தெரிந்த ஒருவரே நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளராகவும் நிற்கிறார். ஒரு தாயிடம் "குழந்தை தப்பவில்லை" என்று தமிழில் சொல்ல வேண்டிய சுமை, பல வேளைகளில் அந்த ஒருவர் மீதே விழுகிறது.

நெருக்கடிகள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்கள் புதையுண்டன. புதைந்தோரில் பலரது உடல்கள் மீட்கப்படவேயில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. இவ்விரண்டுக்கும் இடையில் கொவிட்-19 பெருந்தொற்றும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் வந்தன. தொற்றின் போது அச்சத்துடன் வேலை செய்தவர்கள், பொருளாதார நெருக்கடியின் போது மருந்தும் எரிபொருளும் இல்லாமல் வேலை செய்தார்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் மீட்புப் பணியாளருக்கு இறந்தவர் ஓர் எண்ணிக்கை. குடும்ப சுகாதார உத்தியோகத்தருக்கோ அவர் தம் பதிவேட்டில் உள்ள ஒரு பெயர். எந்த லயத்தில் எத்தனையாம் காம்பராவில் ஏழு மாதக் கர்ப்பிணி இருந்தாள், எந்தப் பிள்ளைக்கு அடுத்த தடுப்பூசித் திகதி எது என்பது அவருக்குத் தெரியும். மண் சரிந்த பின் அந்தப் பக்கங்களைப் புரட்ட வேண்டியவரும் அவரே. அதே மலைச்சரிவில் அவருடைய வீடும் இருக்கலாம். அவருடைய பிள்ளைகளும் வேறொரு முகாமில் தங்கியிருக்கலாம். உதவி செய்பவரும் பாதிக்கப்பட்டவரும் ஒருவராகவே இருப்பதுதான் நம் மலையகத்தின் நிலை.

மனத்துக்கு நேர்வது என்ன?

உளவியல் அறிஞர்கள் இதனை மூன்று வகையாகப் பிரித்து விளக்குகின்றனர். எளிய உதாரணங்களுடன் அவற்றைத் தருகிறேன்.

முதலாவது பணிச்சோர்வு. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறினார்: உணர்வு வற்றிப்போதல், மனிதரை மனிதராகப் பாராமல் ஒரு வேலையாகப் பார்த்தல், "நான் செய்வதால் பயனில்லை" என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இது நோயாகக் கருதப்படவில்லை. வேலைத்தலத்தோடு தொடர்புடைய நிலையாகவே குறிப்பிடப்பட்டது. எனவே தனி மனிதரின் மனத்தை மட்டும் திருத்த முயல்வது போதாது. வேலைத்தலத்தையும் திருத்த வேண்டும். சிடுசிடுக்கும் ஒரு தாதியைக் கண்டால் "குணம் சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்லுமுன், அவர் எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்பதையும் நினைக்கலாம்.

இரண்டாவது பரிவுச் சோர்வு. பிறர் துன்பத்தைத் தொடர்ந்து கேட்பவருக்கு அத்துன்பத்தின் நிழல் தம் மீதும் படிகிறது. கண்ணால் காணாத மண்சரிவும் அவர் கனவில் வருகிறது. தூக்கம் கெடுகிறது, திடீர்ச் சத்தத்துக்கு உடல் நடுங்குகிறது, சிலருக்கு அழுகையே வராமல் போகிறது.

மூன்றாவதை மனச்சாட்சிக் காயம் எனலாம். சரியென்று தெரிந்ததைச் செய்ய முடியாமலோ, தவறென்று தோன்றுவதைக் கடமையின் பெயரால் செய்ய நேர்ந்தோ உண்டாகும் புண் இது. கொவிட் காலத்தில் நம் சமூகம் அனுபவித்த ஒன்றே இதற்கு உதாரணம். 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, தொற்றால் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டுமெனக் கட்டாயப்படுத்தியது. அடக்கம் செய்வதை உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தது. 2021 பெப்ரவரியில் அக்கட்டாயம் நீக்கப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஜனாஸாவைக் கேட்டு நின்ற குடும்பங்களின் வேதனையை நாம் அறிவோம். அக்குடும்பங்களின் முன் நின்று, தாம் எழுதாத ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டியிருந்த ஊழியர்களும் இருந்தார்கள். நம் வலியைச் சிறிதும் குறைத்து மதிப்பிடாமலே அவர்களுடைய நிலையையும் நாம் விளங்கிக்கொள்ள முடியும்.

இவற்றுடன் சமூகம் சேர்க்கும் காயமும் உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொவிட் தொற்றால் இறந்தபோது, அவரை அடக்கம் செய்யச் சென்றவர்கள் தாக்கப்பட்டார்கள். அவருடைய சக மருத்துவரே தம் கையால் மண் தள்ளி அடக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது. அதே மாதத்தில் சுகாதாரப் பணியாளரைத் தாக்குவோருக்குத் தண்டனை வழங்க இந்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் கல்லெறிவதைத் தடுக்கலாம். அண்டை வீட்டார் முகம் திருப்புவதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது.

எது உதவும், எது உதவாது?

துன்பம் நிகழ்ந்தவுடன் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, கண்டதையெல்லாம் சொல்லும்படி கேட்பது நல்லதென்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. இவ்வாறு ஒருமுறை மட்டும் கட்டாயமாகப் பேச வைப்பதை உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புபவர் பேசலாம். விரும்பாதவரின் மௌனத்தையும் மதிக்க வேண்டும்.

2011இல் உலக சுகாதார நிறுவனமும் அதன் கூட்டாளர்களும் வெளியிட்ட உளமுதலுதவிக் கையேடு மூன்று சொற்களில் அடங்குகிறது: பார்த்தல், கேட்டல், இணைத்தல். ஒருவர் பாதுகாப்பாக இருக்கிறாரா, சாப்பிட்டாரா, நடுங்குகிறாரா என்று பார்ப்பது முதற்படி. இடைமறிக்காமல், அறிவுரை கூறாமல் கேட்பது இரண்டாம் படி. குடும்பத்தோடும், தேவையான சேவையோடும் அவரைச் சேர்த்துவிடுவது மூன்றாம் படி. இதற்கு வைத்தியப் பட்டம் தேவையில்லை.

அனர்த்த கால உளநலம் குறித்து 2007இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, பணியாளரின் நலனுக்கென்றே தனிப் பகுதியை ஒதுக்கியுள்ளது. ஓய்வும் பணிச் சுழற்சியும் பாதுகாப்பும் தெளிவான தகவலும் நிர்வாகத்தின் பொறுப்பு என்பதே அதன் சாரம். இதை நம் மலையகத்துக்குப் பொருத்திப் பார்த்தேன். குடும்ப சுகாதார உத்தியோகத்தர்கள் மாதந்தோறும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கூடுகிறார்கள். அக்கூட்டத்தில் புள்ளிவிபரம் கேட்பதோடு, அரை மணி நேரத்தை ஒருவர் நிலையை ஒருவர் விசாரிக்க ஒதுக்கினால் செலவு எதுவும் இல்லை. அனர்த்த நாட்களில் இருவர் இருவராக அனுப்பினால் மலைப்பாதையில் துணையும் கிடைக்கும். ஒருவர் தளர்வதை மற்றவர் முதலில் கண்டுகொள்வார். வீட்டை இழந்த ஊழியருக்கு முதலில் விடுப்பும் பிறகு வேலையும் என்ற ஒழுங்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

அதற்கு மேலும் உதவி தேவைப்பட்டால் வழியுண்டு. 2004 சுனாமிக்குப் பின், 2005இல், நம் நாட்டில் தேசிய உளநலக் கொள்கை உருவானது. இன்று பல வைத்தியசாலைகளில் உளநலக் கிளினிக் நடைபெறுகிறது. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணை எவரும் அழைக்கலாம். களுத்துறைச் சுகாதாரப் பிரிவு தோன்றிய ஆண்டும் 1926 என்பதால் மாணவிகள் அந்த எண்ணை எளிதில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நமது மரபில்

உளநலத்தைப் பேசுவது ஈமானின் பலவீனம் என்று எண்ணுவோர் இன்னும் இருக்கிறார்கள். நமது வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அகழ்ப் போரின்போது காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள், மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில் சிகிச்சை பெற்றதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். பெண்ணின் மருத்துவப் பணிக்குப் பள்ளிவாசலிலேயே இடம் தரப்பட்டது. இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அபுத்தர்தா (ரழி) அவர்களிடம், உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமையைக் கொடுக்க வேண்டுமென ஸல்மான் (ரழி) எடுத்துச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை உண்மையென ஏற்றார்கள். வணக்கத்துக்கே ஓய்வு வேண்டுமென்றால் பணிக்கு வேண்டாமா? 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். துக்கம், அச்சம், கோபம் ஆகியவற்றுக்கு உடல் நோயைப் போலவே சிகிச்சை உண்டென்றார்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோரே, உங்கள் மகளோ மருமகளோ வைத்தியசாலையிலிருந்து இரவுப் பணி முடிந்து வந்தால், அடுப்படி அவரைக் காத்திருக்க வேண்டாம். "இன்று என்ன நடந்தது?" என்று துருவுவதைவிட ஒரு கோப்பைத் தேநீரை வைத்துவிட்டு அருகில் இருங்கள். பல நாள் உறக்கமின்மை, காரணமற்ற கோபம், தொழுகையிலும் பிள்ளைகளிலும் பிடிப்பின்மை, வாழ விருப்பமில்லை என்ற சொல் ஆகியவற்றைக் கண்டால் "பொறுமையாக இரு" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். துஆவும் செய்யுங்கள், வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

மாணவிகளே, உங்களில் பலர் தாதியாக, வைத்தியராக, குடும்ப சுகாதார உத்தியோகத்தராக வர விரும்புகிறீர்கள். தமிழ் பேசும் பெண் ஊழியர் மலையகத்துக்கு மிகவும் தேவை. உயிரியல் பாடத்தோடு இன்னொன்றையும் கற்றுக்கொண்டு செல்லுங்கள்: "என்னால் இன்று முடியவில்லை" என்று சொல்வது தோல்வியல்ல. அதைச் சொல்லக்கூடிய ஒரு தோழியை இப்போதே தேடிக்கொள்ளுங்கள். நீங்களும் இன்னொருத்திக்கு அப்படிப்பட்ட தோழியாக இருங்கள்.

அடுத்த மழைக்காலமும் வரும். உங்கள் ஊர் முகாமில் அந்த மிஸ்ஸைக் கண்டால், மருந்து கேட்குமுன் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும் வரை நின்று கேளுங்கள்.