ஒட்டுத்துணிப் போர்வைகளும் ஓர் உழவர் சிற்றூரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு லாடம்போல் வளைந்து செல்லுமிடத்தில், மூன்று புறமும் நீர் சூழ அமைந்த சிற்றூர் கீஸ் பெண்ட். 1949-இல் அவ்வூருக்குப் பாய்கின் என்று அரசாங்கம் வேறு பெயர் சூட்டியது. ஆயினும் பழைய பெயரே மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. பருத்தி விளையும் பூமி. அவ்வூர்ப் பெண்கள் கந்தைத் துணிகளைக் கொண்டு தைத்த போர்வைகள் இன்று பெரிய கலைக்கூடங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுள் மேரி லீ பெண்டால்ஃப் என்னும் அம்மையாரின் கைவேலையைப் பற்றி இங்குச் சிறிது ஆராய்வோம். விவசாயிகளும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் கலையைப் பற்றிப் படிப்பானேன் என்று சிலர் வினவலாம். இக்கதையில் கடன், நிலம், படகுத்துறை, கூட்டுறவு ஆகிய யாவும் அடங்கியுள்ளன.

முதலில் ஊரின் வரலாறு. 1845-இல் பெட்வே என்பவர் அந்தப் பண்ணையை அடைந்து, ஆப்பிரிக்க வமிசத்தவரான அடிமைகளைக் கொண்டு பருத்தி பயிரிட்டார். 1865-இல் அடிமை முறை ஒழிந்த பின்னரும் அம்மக்கள் அங்கேயே வாரக் குடியானவர்களாகத் தங்கினர். ஊரில் பலருக்கு இன்றளவும் பெட்வே என்பதே குடும்பப் பெயர். விதைக்கும் உணவுக்கும் பக்கத்து நகரத்து வணிகர் ஒருவரிடம் கடன் பெற்று, அறுவடையில் அடைப்பது வழக்கம். பருத்தி விலை சரிந்த காலத்தில் கடன் ஏறிக்கொண்டே போயிற்று. அவ்வணிகர் இறந்ததும், 1932-இல் அவர் மனைவியார் பாக்கி முழுவதையும் உடனே கேட்டார். கொடுக்க வழியில்லை. கோவேறு கழுதைகள், பசுக்கள், கலப்பைகள், களஞ்சியத்திலிருந்த தானியம் அனைத்தையும் வாரிச் சென்றனர். அந்தக் குளிர்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவே மக்களைக் காத்தது.

பின்னர் மத்திய அரசாங்கம் பண்ணையை விலைக்கு வாங்கி, குறைந்த வட்டிக் கடனில் குடியானவர்களுக்கே நிலத்தைப் பிரித்து விற்றது. வீடுகள் கட்டித் தந்தது. இதனை நம் போன்ற வளர்ச்சித் துறையினர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள் பலர் பிற்காலத்தில் வேலை தேடி வடக்கே சென்றபோது, இவ்வூரார் பெரும்பாலும் பெயராமல் இருந்ததற்கு, நிலம் சொந்தமாயிருந்ததே காரணம். ஊர் நிலைத்ததால் கைவேலையும் தாயிடமிருந்து மகளுக்குத் தொடர்ந்து வந்தது.

மேரி லீ 1935-இல் பிறந்தார். பதினேழு குழந்தைகளைப் பெற்ற குடும்பம். வயலில் வேலையில்லாத நாட்களில்தான் பள்ளிக்கூடம். தையலைத் தம் தாயார் ஏலார் மோஸ்லியிடம் கண்டு கற்றார்; எந்தக் கலைப் பள்ளியின் வாசலையும் மிதித்தவரல்லர். அவ்வூரில் போர்வை என்பது அழகுப் பொருளாகத் தொடங்கியதன்று. பலகை வீட்டின் இடுக்குகளில் புகும் குளிரைத் தாங்க, ஒரு படுக்கைக்குப் பல போர்வைகள் வேண்டும். கடையில் துணி வாங்கக் காசு ஏது? முழங்கால் தேய்ந்த கால்சட்டை, கிழிந்த மேலங்கி, மாவுச் சாக்கு, உரச் சாக்கு ஆகியவற்றைக் கத்தரித்து இணைத்து மேல்துணி செய்வர். அதற்கும் அடித்துணிக்கும் நடுவே பருத்தியைப் பரப்பி, மூன்றையும் சேர்த்து நெருக்கமாக இழையோடுவர். பழம் புடவைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிக்கும் நம் பாட்டிமார் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

வகுத்த முறைகளும் சில உண்டு. நடுவில் ஒரு சதுரம் வைத்து, அதைச் சுற்றிப் பட்டை பட்டையாக வளர்த்துச் செல்வதற்குக் ‘கூரை’ என்று பெயர். ஆனால் இருக்கும் துண்டின் அளவு எதுவோ, அதற்கேற்பக் கோடு சாய்ந்து போகும். நிறம் திடீரென மாறும். இந்தச் சாய்வும் மாற்றமுமே அப்போர்வைகளுக்கு உயிர். மேரி லீ அம்மையார் தாம் செல்லும் வழியில் காணும் வீடு, கொட்டகை முதலியவற்றின் வடிவங்களை மனத்தில் வாங்கித் துணியில் அமைத்தார். புதுத்துணியைவிட உடுத்திய துணியையே விரும்பினார். உடுத்தியவரின் அன்பு அதில் தங்கியிருக்கும் என்பது அவர் கருத்து. அவ்வூருக்கே உரிய உணர்ச்சி இது. மிசௌரி பெட்வே என்னும் மாது, 1942-இல் கணவர் மறைந்தபின், அவருடைய வேலைத் துணிகளையே வெட்டிப் போர்வையாகத் தைத்து அதனடியில் உறங்கினார். வயலில் வெயிலும் வியர்வையும் பட்டு வெளுத்த இடங்கள் அதில் அப்படியே தெரிகின்றன.

இனிப் படகுத்துறையின் செய்தி. ஆற்றுக்கு அப்பால் உள்ள காம்டன் நகரில்தான் வாக்காளர் பதிவு அலுவலகம் இருந்தது. கறுப்பின மக்கள் பதிவு செய்யச் செல்லத் தொடங்கியதும், 1962-இல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கண்ணுக்கெதிரே தெரியும் நகரத்திற்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து பேசினார். மேரி லீயும் காம்டன் ஊர்வலங்களில் நடந்தார். பதிவு செய்யத் துணிந்தவர் சிலர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தனர்.

அந்நிலையில் 1966-இல் பெண்கள் கூடிச் ‘சுதந்திரப் போர்வைக் கூட்டுறவு’ ஒன்றை நிறுவினர். நியூயார்க் நகரில் போர்வைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. பலருக்குத் தம் பெயரில் கைக்கு வந்த முதற்பணம் அதுவே. 1972-இல் சியர்ஸ் என்னும் பெரிய வணிக நிறுவனம், வரியோடிய கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைக்கும் வேலையைத் தந்தது. இங்கு ஒரு சங்கடம் உண்டு. நகரத்துக் கடைக்கு ஒரே அளவு, ஒரே மாதிரி வேண்டும். தம் விருப்பம்போல் வெட்டும் கைக்கு அங்கு இடமில்லை. கூலி நிச்சயம், கற்பனைக்கு விடுமுறை. ஆயினும் வெட்டில் எஞ்சிய கார்டுராய் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டு சென்று, தமக்கென்று தைத்தவற்றில்தான் அவர்களுடைய சிறந்த வேலைகள் பல பிறந்தன. ஒரு தொழிற்கூடத்தின் கணக்கேட்டில் இந்த இலாபம் ஏறாது.

2002-இல் ஹூஸ்டன் நுண்கலைக்கூடத்திலும், அடுத்து நியூயார்க்கிலும் இப்போர்வைகள் சுவர்களில் ஏறின. புகழ் வந்ததும் பணக் கேள்வியும் வந்தது. முன்னர்ச் சொற்ப விலைக்குக் கொடுத்த போர்வைகள், பின்னர்ப் பெருந்தொகை பெறுவதைப் பெண்கள் கண்டனர். அவற்றின் மாதிரிகள் கம்பளங்களிலும் வேறு சரக்குகளிலும் அச்சாயின. 2003-இல் தங்களுக்கே உரிமையான விற்பனைக் குழுவை அவர்கள் அமைத்துக்கொண்டனர். 2007-இல் சிலர் தம் பங்கு கேட்டு வழக்குத் தொடுத்தனர். 2008-இல் அது சமரசத்தில் முடிந்தது. பொருளை விற்பது வேறு, அதன் மாதிரியைப் பயன்படுத்தும் உரிமையை விற்பது வேறு. பாய், கூடை, பானை என எக்கைவேலையையும் வெளியூர் வணிகருக்குக் கொடுக்கும் குழுவினர், இவ்விரண்டையும் ஒப்பந்தத்தில் தனித்தனியே எழுதி வாங்கவேண்டும் என்பது நம் எண்ணம்.

2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை, இவ்வூர்ப் போர்வைகளின் படத்துடன் பத்து அஞ்சல் தலைகளை வெளியிட்டது. மேரி லீ 1998-இல் தைத்த ‘கூரை’ப் போர்வையும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு, நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, காம்டனுக்குப் படகு மீண்டும் ஓடத் தொடங்கிற்று. 2015-இல் அந்நாட்டின் மரபுக்கலைஞர் விருது மேரி லீக்கும் லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே ஆகிய இரு மாதர்க்கும் கூட்டாக வழங்கப்பட்டது. மேரி லீயின் மகள் எஸ்ஸியும் போர்வை தைப்பவரே. தாய் இணைத்த மேல்துணிக்கு மகள் இழையோடிக் கொடுத்ததும் உண்டு.