பருவும் எண்ணெயும் நாமும்



இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காக ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். மூன்றாவது வாரம் என் அறை நண்பனின் முன்கையிலும் தொடையிலும் கரும்புள்ளி வைத்த சின்னச் சின்னப் பருக்கள். "மூஞ்சில வர்றது சரி, தொடையில எப்படிடா வரும்?" என்றான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தக் கட்டுரை.

பரு எப்படி வருகிறது?

ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. நம் வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் தூண்டுவதால் அது அதிகமாகச் சுரக்கிறது. செத்த செல்கள் உதிராமல் வாயை அடைக்கின்றன. நம் பாஷையில் சொன்னால், நாசில் அடைப்பு! உள்ளே 'க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ்' என்ற பாக்டீரியா பெருக, சிவந்து வீங்கிச் சீழ் பிடிக்கிறது. கரும்புள்ளியின் கருமை அழுக்கு அல்ல. எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கிள்ளினாலோ அழற்சி ஆழத்துக்குப் போய், கொலாஜன் சிதைந்து, குழி விழுகிறது. பரு போய்விடும், குழி போகாது.

தொடையில் ஏன்?

லேத்திலும் கியர் கட்டிங்கிலும் தெறிக்கும் கட்டிங் ஆயில் மயிர்க்காலை வெளியிலிருந்து அடைக்கிறது. எண்ணெயில் ஊறிய பேன்ட் நாள் முழுக்கத் தொடையோடு ஒட்டியிருந்தால் அங்கேயும் பரு வரும். தண்ணீரில் கலக்கும் பால் நிறக் கூலன்ட் வேறு விதம். அதன் காரத்தன்மை தோலின் இயற்கை எண்ணெயை எடுத்துவிடுவதால் அரிப்பும் வெடிப்பும் வரும்.

இது அற்ப விஷயமா? இல்லை! 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், கனிம எண்ணெயால் வரும் பருவையும் தோல் அழற்சியையும் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோயாகவே சேர்த்திருந்தது. வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதல்ல, சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டியது.

ட்யூப் மருந்து மோசடி

நண்பன் என்ன செய்தான்? மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கி, முகத்துப் பருவுக்கும் சேர்த்துத் தடவினான். நாலே நாளில் முகம் பளிச்! நிறுத்தியதும் முன்னைவிட அதிகம். காரணம், அதில் இருந்தது ஸ்டீராய்டு. அது சிவப்பை அமுக்கும், அடைப்பை எடுக்காது. தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், பருவும் கூடும்.

இது அவன் ஒருவன் கதை அல்ல. இந்தியாவில் 12 மையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே அல்ல! 2018-ல் மத்திய அரசு இத்தகைய பல க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று விதியைத் திருத்தியது. ஆனால் கேட்பவன் கேட்டால் கொடுப்பவன் கொடுக்கிறான். கேட்காமல் இருப்பது நம் கையில்.

என்ன செய்யலாம்?

* எண்ணெய் பட்ட யூனிஃபார்மை அன்றே துவைக்கவும். எண்ணெய்த் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் செருக வேண்டாம்.
* கையை மண்ணெண்ணெய், தின்னர் கொண்டு கழுவாதீர்கள். சோப்பே போதும்.
* ஏப்ரனும் ஸ்பிளாஷ் கார்டும் அலங்காரத்துக்கு அல்ல. ஆனால் சுழலும் மெஷினில் கையுறை கூடாது.
* பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற நல்ல மருந்துகள் உண்டு. பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம், பொறுமை தேவை.
* ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கடும் பருவுக்கானது. கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும். மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.
* செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டும் தூரந்தான். ஒரு நாள் லீவு போட்டுப் போனால் தப்பில்லை.

நண்பன் இப்போது தேறிவிட்டான். முகத்தில் மட்டும் இரண்டு குழிகள் மிச்சம். "மிஷினுக்கு மெயின்டனன்ஸ் ஷெட்யூல் போடுறோம், நமக்குப் போடலையேடா" என்றான். யோசித்துப் பாருங்கள் நண்பர்களே!